தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

சுப்பிரமணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி இல்லை, சீட்டு இல்லை; வம்சாவளி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர், ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நோட்டை விரித்து, யாருக்கு யார் பிறந்தார் என்று எழுத உட்கார்ந்துவிடுவார்.

தொண்ணூற்றொன்றில் மகள் ஜோதிக்கு வாலாஜாபாத் அண்ணாதுரையின் மகன் தமிழ்வாணனைப் பேசி முடித்தார்கள். அந்தக் காலத்தில் இரண்டு குடும்பமும் பென்னலூரில் பக்கத்துப் பக்கத்து வீடு. கல்யாணப் பத்திரிகையில் கொள்ளுத்தாத்தா வரைக்கும் பேர் போட மனுஷனுக்கு ஆசை. பேசாமல் இருந்தாரா? தாலுகா ஆபீசுக்குப் போய்ப் பழைய பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினார்.

அங்கேதான் வந்தது வினை. அவருடைய அப்பா நடேசனை வீட்டில் தவுடன் என்றுதான் கூப்பிடுவார்கள். மாட்டுக்குத் தவிடு கலக்கியே வந்த பட்டப்பேர் என்று சுப்பிரமணி நினைத்திருந்தார். பதிவேட்டிலும் தவுடன் என்றே இருந்தது. ஆனால் தகப்பன் என்று இருந்தது தாத்தா முனிரத்தினத்தின் பெயர் இல்லை, சின்னப்பையன்! அந்தச் சின்னப்பையன் அண்ணாதுரையின் தாத்தா.

ஒரே தகப்பன் வழி என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. கல்யாணம் எப்படி நடக்கும்?

மறைக்கத் தெரியாத மனுஷன், வந்து சொல்லிவிட்டார். ஜோதி அன்றோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள். மனைவி செங்கமலம் நிறுத்தவில்லை.

"இன்னாய்யா, உன்ன யாரு தோண்டச் சொன்னது? எம் பொண்ணு மூஞ்ச பாக்க முடியலயே!"

சுப்பிரமணி பதினோராம் நாள் லீவு போட்டு மறுபடி போனார். பதிவேட்டை இந்தத் தடவை வரி வரியாகப் படித்தார். அண்ணாதுரையின் அப்பா கோதண்டம் ஜனவரியில் பிறந்திருந்தார். தவுடன் அதே வருஷம் ஏப்ரலில். ஒரே தகப்பனுக்கு மூன்று மாதத்தில் இன்னொரு பிள்ளையா? சின்னப்பையனுக்கு ஒரே தாரம் என்று அண்ணாதுரை சத்தியம் பண்ணியிருந்தார். தாய் பேர் எழுத அந்த ஏட்டில் இடமே இல்லை. குழம்பிப்போய் இறப்பு ஏட்டையும் கேட்டு வாங்கினார். முந்தைய ஐந்து வருஷத்தில் முனிரத்தினத்தின் குழந்தைகள் என்று மூன்று சாவு. ஒன்றும் ஒரு மாதம் தாண்டவில்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்து வீட்டில் படித்துக் காட்டினார். அரிசி களைந்துகொண்டிருந்த செங்கமலத்தின் கை நின்றது.

"மூணும் போச்சா? அட லூசு மனுசா! நாலாவத தவுட்டுக்கு வித்துட்டாங்கய்யா. அதான் தவுடன்னு பேரு. எங்க ஊர்லயும் பண்ணுவாங்க. புள்ள தங்காத வூட்ல பொறந்தா, பக்கத்து வூட்டுக்காரரு ஒரு படி தவுடு குடுத்து வாங்கிப்பாரு. பாலு குடுத்து வளக்கறது பெத்தவதான். ஆனா எம் புள்ளனு வாயால சொல்லக்கூடாது."

"ரெஜிஸ்டர் எழுத வந்த மணியக்காரர்கிட்ட கூடவா?"

"மூண வாரிக் குடுத்தவ, இது என்துன்னு எப்டிய்யா சொல்லுவா? சொன்னா இதுவும் பூடும்னு பயந்துகினு கீறா. வாங்குனவரு பேர சொல்லிட்டா."

சுப்பிரமணிக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. அழுதேவிட்டார்.

மறுநாளே நோட்டோடு வாலாஜாபாத் போனார். அண்ணாதுரை கேட்டு முடித்துத் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அப்ப எங்க தாத்தா வாங்குன புள்ளயோட பேத்தி, எங்க வூட்டுக்கு வரவேண்டியதுதான சம்மந்தி! தேதிய மாத்தாதீங்க."

வீடு திரும்பியபோது ஜோதி வாசலில் நின்றிருந்தாள். பதினோரு நாளைக்குப் பிறகு வாய் திறந்தாள்.

"அந்தம்மா பேரு இன்னாப்பா?"

"கங்கம்மா. எங்க அப்பாவ பெத்தவங்க."

"பத்திரிகைல அவங்க பேர போடுப்பா. மேலயே போடு. இப்பவாச்சும் எம் புள்ளனு சொல்லிக்கட்டும்."

சுப்பிரமணி நோட்டைத் திறந்து, முனிரத்தினம் என்ற பேருக்கு மேலே கங்கம்மாள் என்று எழுதினார்.