நாலு மணி அக்கா

அந்தத் தீவின் ஆஸ்பத்திரி காலை எட்டு மணிக்குத் திறந்து மாலை நாலு மணிக்கு மூடும். நோய்களுக்கு இந்த விவரம் தெரியாது என்பதுதான் ஒரே சிக்கல்.

மூன்று அறை, ஒரு கட்டில், கொஞ்சம் குறைத்தே காட்டுவதால் எல்லோருக்கும் பிடித்துப்போன ஒரு எடை மெஷின். கடல் சம்மதித்தால் செவ்வாய்க்கிழமைதோறும் டாக்டர் வந்து போவார். மற்ற நாட்களில் டாக்டர், கம்பவுண்டர், ஆயா எல்லாமே நர்ஸ் அக்காதான். ஆறு மாதத்துக்கு என்று மாற்றலாகி வந்தவள். இது பத்தொன்பதாவது வருடம். மாற்றலை யாரும் நீட்டிக்கவும் இல்லை, ரத்து செய்யவும் இல்லை. மறந்துவிட்டார்கள் என்பது அக்காவின் கணிப்பு. ஞாபகப்படுத்த அவளும் போகவில்லை. கணவர் அக்கரையில் பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளிக்கிழமை படகில் வந்து ஞாயிற்றுக்கிழமை படகில் போவார். “சண்டை போடக்கூட நேரம் பத்தறதில்ல, அதனாலதான் இன்னும் ஒத்துமையா இருக்கோம்” என்பாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நீலப் பலகை. நாலு மணிக்குப் பிறகு அவசரம் என்றால் அழைக்க வேண்டிய எண் அதில் இருக்கும். அந்த எண்ணை அழைத்தால் அக்கரைத் தலைமை ஆஸ்பத்திரியில் மணி அடிக்கும். அங்கே ஒருவர் தாளைப் பார்த்துப் பதினொரு கேள்வி கேட்பார். எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்த பிறகு அவர் அக்காவை அழைத்து, “உங்க தீவுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லையாம், போய்ப் பாருங்க” என்பார். அக்காவின் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்சுவரை ஒட்டியது. நோயாளி நிற்பது முன்வாசலில். நாற்பது அடி தூரத்துக்கு ஒரு செய்தி கடலை இரண்டு முறை தாண்டும்.

ஆகவே எண்ணை யாரும் அழைப்பதில்லை. நேராக அக்கா வீட்டு அடுப்படிக் கதவுக்கு வந்துவிடுவார்கள். ஆனால் அந்தத் தீவுக்காரர்களுக்கு இங்கிதம் அதிகம். காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்தவளை, நேரம் முடிந்த பிறகும் உடம்பு சரியில்லை என்று போய்த் தொந்தரவு பண்ணலாமா? பண்ணக் கூடாது. எனவே இரவல் கேட்க வருவார்கள்.

“அக்கா, ஒரு கரண்டி சர்க்கரை இருக்குமா?”

சர்க்கரையை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, திரும்பி, இரண்டு எட்டு வைத்த பிறகுதான் மூன்று நாள் காய்ச்சல் வெளியே வரும். “ஆமா, கேக்கணும்னு நெனச்சேன்…”

யார் ஆரம்பித்த பழக்கமோ, அக்காவுக்கு அது மனப்பாடம். சர்க்கரை என்றால் காய்ச்சல். கத்தரிக்கோல் என்றால் எங்கோ வெட்டுக்காயம். ஏணி கேட்டு வந்தவன் ஏற்கெனவே ஏணியிலிருந்து விழுந்தவன். தீப்பெட்டி கேட்டு வந்த ஒருத்தி அக்காவின் அடுப்படித் தரையிலேயே பெண் குழந்தை பெற்றாள். போகும்போது மறக்காமல் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். அக்கா இரண்டு டப்பா சர்க்கரை கூடுதலாக வாங்கி வைத்திருப்பாள். நாலு மணி வரைக்கும் அவள் ஊருக்கு நர்ஸம்மா. அதற்கு மேல் நாலு மணி அக்கா.

இதில் கஷ்டம் மாதக் கடைசியில் வரும். தலைமை ஆஸ்பத்திரிக்கு ஒரு படிவம் போக வேண்டும். அதில் ‘பணி நேரத்துக்குப் பின் அவசர எண் வழியாக வந்த நோயாளிகள்’ என்று ஒரு கட்டம். அக்கா உண்மையைத்தான் எழுதுவாள்: இல்லை. பத்தொன்பது வருடமாக இல்லை. அவசரப் படகுக்கு இன்னொரு ஓட்டுநர் வேண்டும் என்று அவள் போன வருடம் கேட்டபோது பதில் மரியாதையாக வந்தது. பணி நேரத்துக்குப் பின் தங்கள் தீவில் எவரும் நோயுறுவதில்லை எனத் தங்கள் அறிக்கைகளே காட்டுவதால், ஓட்டுநர் தேவையில்லை.

இருக்கிற ஒரே ஓட்டுநர் கேப்டன். எந்தக் கப்பலுக்கும் அவர் கேப்டனாக இருந்ததில்லை. ஒரு வெள்ளைத் தொப்பி மட்டும் உண்டு, பெயர் அதற்கு வந்தது. அக்காவைவிட இரண்டு வயது இளையவர். இருபத்திரண்டு வருடமாகத் தீவின் நோயாளிகளையெல்லாம் அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர், ஒரு நாளும் அக்கா வீட்டு அடுப்படிக்கு இரவல் கேட்டு வந்ததில்லை.

“எனக்கென்னக்கா, இரும்பு உடம்பு.”

“உப்புக்காத்துல இரும்பு என்ன ஆகும்னு உன் படகைப் பாத்துத் தெரிஞ்சுக்க கேப்டன்.”

அந்த வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணி இருக்கும். அக்கா அடுப்படி மேசையில் உட்கார்ந்து மாதப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டத்துக்கு வந்தபோது கதவில் நிழல் விழுந்தது. கேப்டன். தொப்பி கையில் இருந்தது.

“அக்கா, ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்குமா?”

“ஜன்னல் மேல பாரு, எடுத்துக்க” என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல். “டீ போடட்டுமா?”

“வேணாம்.” எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றார். “செவ்வாய்க்கிழமை டாக்டர் வருவார்ல?”

“கடல் நல்லா இருந்தா.”

“சரிக்கா.”

போய்விட்டார். அக்கா ‘இல்லை’ என்று எழுதினாள். உறையில் போட்டு ஒட்டப் போகும்போதுதான் கை நின்றது. ஊரில் யாருக்கு ஸ்க்ரூ டிரைவர் வேண்டுமானாலும் கேப்டன் வீட்டுக்குத்தான் போவார்கள். அங்கே சுவரில் உயர வரிசைப்படி பதினாறு தொங்கும். எல்லாவற்றின் கைப்பிடியிலும் நீல டேப் சுற்றியிருக்கும். ஜன்னல் மேல் கிடந்த அந்த ஒன்றிலும் நீல டேப்தான். மனுஷன் தன்னுடைய ஸ்க்ரூ டிரைவரையே இரவல் கேட்டு வந்திருக்கிறார்.

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.

கேப்டன் படகுத்துறையில் இருந்தார். டீசல் ஊற்றி முடித்து, படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். காற்று நன்றாக வீசியது; ஆனாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவர் சட்டைப் பையில்.

“என்ன பண்ற?”

“படகைத் தயார் பண்ணி வெக்கறேன்க்கா. ஏதாவது அவசரம்னா?”

“யாருக்கு அவசரம்?”

“எனக்குத்தான்னு நெனைக்கிறேன்.”

மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருக்கிறதாம். இடது கை கனக்கிறதாம். தாடை வரைக்கும் இழுக்கிறதாம்.

“எப்போலேர்ந்து?”

“மத்தியானம் சாப்பிட்டதுலேர்ந்து.”

“ஏன்யா இவ்வளவு நேரம் சொல்லல?”

“சொன்னேனே அக்கா.”

“எப்ப சொன்ன?”

“ஸ்க்ரூ டிரைவர் கேட்டேனே.”

அக்கா ஆஸ்பிரின் மாத்திரையை எடுத்து அவர் வாயில் போட்டாள். “முழுங்காத, மென்னு.” மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி இரண்டு அடி நடந்து ஒரு அடி தவறியது. இன்னொரு கையால் அந்த நீலப் பலகை எண்ணை, தன் பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, அழைத்தாள்.

பதினொரு கேள்வி. ஆணா பெண்ணா, வயது என்ன, வலி எங்கே, நோயாளி நடக்கிறாரா.

“நடந்தார், டீசல் ஊத்தினார். இனிமே விட மாட்டேன்.”

“சரி மேடம், நோயாளியைத் தயார் பண்ணுங்க. படகோட்டிக்கு நாங்க தகவல் சொல்றோம்.”

“சார், கேளுங்க, படகோட்டி…”

“அது எங்க வேலை மேடம்.” வைத்துவிட்டார்.

கேப்டனின் பையில் போன் அடித்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், எடுத்துவிட்டார். “சொல்லுங்க சார். ஆமா, தயார்தான். நோயாளியா? வந்தாச்சு சார், படகுலதான் இருக்கார். அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடலாம்.” சொல்லிக்கொண்டே இஞ்சினைக் கிளப்ப எழுந்தார். அக்கா தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்து, போனைப் பிடுங்கினாள்.

“சார், படகோட்டியும் நோயாளியும் ஒரே ஆள்.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். “அப்படி ஒரு கேள்வி இதுல இல்லையே மேடம். மாற்று ஓட்டுநர் யாரு?”

“போன வருஷம் கேட்டேன். தேவையில்லைன்னு நீங்கதான் எழுதினீங்க.”

அக்கரையிலிருந்து படகு அனுப்பலாம் என்றார் அவர். வர முக்கால் மணி, போக முக்கால் மணி. அக்கா மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. அந்த நாடியிடம் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. முக்கால் மணி இருக்கலாம்.

அப்போதுதான் கேப்டனின் மனைவி வந்தாள், தோளில் கைத்துணியோடு. அந்தத் தீவில் பெரியவர்கள் ஓடுவதில்லை. நாலு மணி அக்கா ஓடினாள் என்ற செய்தி அவளுக்கு முன்பே தெருவில் ஓடியிருந்தது. பின்னாலேயே ஐஸ் பேக்டரி ஆள், ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் சிலிண்டரை ஐஸ் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் கணவனைப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பார்த்தாள்.

“தள்ளி உக்காருங்க.”

“என்னடி?”

“நான் ஓட்டறேன்.”

“உனக்கு ஓட்டத் தெரியாதே!”

“இருபத்திரண்டு வருஷமா பக்கத்துல உக்காந்து, இங்க பாறை இருக்கு, அங்க மெதுவா போங்க, இப்பத் திருப்புங்கன்னு சொல்லிக்கிட்டு வரேன். நான் சொல்லச் சொல்லத்தானே நீங்க ஓட்டினீங்க?”

“லைசென்ஸ் இல்லாம எப்படி…”

“கேப்டன், நீ பேசவே கூடாது” என்றாள் அக்கா. “இது வைத்தியம்.”

உயிர்காப்பு உடுப்புகளை அடுக்கி, அதில் அவரைச் சாய்த்து வைத்தார்கள். முகத்தில் ஆக்ஸிஜன் மூடி. படகு துறையை ஒரு தடவை இடித்துவிட்டுக் கிளம்பியது. கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார், வலியினாலா வெட்கத்தினாலா தெரியவில்லை. வெயில் இன்னும் தண்ணீரில் பளபளத்துக்கொண்டிருந்தது.

ஓட்டுவதை அவர் பார்க்கவில்லை, கேட்டார். இஞ்சின் சத்தம் மாறும்போதெல்லாம் மூடியை விலக்கிவிட்டு, “வேகத்தைக் குறை” என்பார்.

“தெரியும்.”

“பாறை வரும்.”

“தெரியும்னு சொல்றேன்ல. பக்கத்துல உக்காந்து ஒருத்தர் நச்சரிச்சா எப்படித்தான் ஓட்டறது?”

பாதிக் கடல் தாண்டியபோது அவர் பேச்சு நின்றது. முதலில் அவள் அதை வெற்றியாக எடுத்துக்கொண்டாள். பிறகு அவள் தோள்கள் விறைத்தன. அவள் திரும்பவில்லை, திரும்பினால் பாறை.

“அக்கா, ஏன் பேச மாட்டேங்கிறார்?”

அக்கா விரலை இன்னும் அழுத்தினாள். ஒன்று, இரண்டு, தவறியது, மூன்று. “நாடி இருக்கு. நீ முன்னாடி பாரு.”

“ஏதாவது சொல்லச் சொல்லுங்க.”

அக்கா குனிந்து அவர் காதில், “கேப்டன், உன் பொண்டாட்டி தப்பா ஓட்டறா” என்றாள்.

மூடிக்குள் உதடு அசைந்தது. “கொஞ்சம்… இடது.”

அவள் அழுதுகொண்டே இடது பக்கம் திருப்பினாள். சரியான இடதுதான்.

அக்கரையில் தள்ளுவண்டி காத்திருந்தது. அவரை உருட்டிக்கொண்டு ஓடிய பிறகு, துறைமுக அதிகாரி புத்தகத்தோடு வந்தார். “படகை ஓட்டினது யாரு?” என்றார். அக்கா, “கேப்டன்” என்றாள். “நோயாளி?” “கேப்டன்.” அதிகாரி, கைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். அக்காவின் செருப்பைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ரத்தக்குழாய் அடைப்பை அன்று மாலையே எடுத்துவிட்டார்கள். இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் எங்களுக்கு வேலை இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் அக்கா வீடு திரும்பியபோது படிவம் மேசையில் அப்படியே கிடந்தது. ‘இல்லை’யை அடித்தாள். ஒரு நோட்டை எடுத்து, போன ஒரு வருடத்தை நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தாள். இடது பக்கம் கேட்டது, வலது பக்கம் கண்டது. சர்க்கரை – காய்ச்சல். ஏணி – மணிக்கட்டு எலும்பு முறிவு. தீப்பெட்டி – பெண் குழந்தை. நூற்று நாற்பத்து மூன்று வரி வந்தது. கடைசி வரி: ஸ்க்ரூ டிரைவர் – மாரடைப்பு, நான் கவனிக்கவில்லை. அந்த இரண்டு சொல்லையும் அடித்துவிடலாமா என்று யோசித்தாள். அடிக்காமல் பிரதி எடுத்து அனுப்பினாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஒன்று, சர்க்கரை எந்த நோய்க்கு மருந்தாக வழங்கப்பட்டது என விளக்கவும். இரண்டு, இன்னொரு ஓட்டுநர் பணியிடம் அனுமதிக்கப்படுகிறது. அதற்கு மனுப் போட்டது ஒரே ஒரு ஆள். ஓட்டிக் காட்டும் தேர்வில் அவள் தேர்வாளருக்கு மூன்று திருத்தம் சொன்னதாகக் கேள்வி. ஆனாலும் தேறிவிட்டாள்.

கேப்டனுக்கு ஆறு மாதம் படகு கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் மாலை, அடுப்படிக் கதவில் நிழல் விழுந்தது. கையில் ஸ்க்ரூ டிரைவர்.

அக்கா கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். “உக்காரு. கையை நீட்டு.”

“அக்கா, இதைத் திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன்.”

“கையை நீட்டுன்னேன்.”

ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. அக்கா நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தாள். அதே அளவு. நாடி ஒரு அடியும் தவறவில்லை.

“உன்னோடதையே எனக்கு எதுக்குத் திருப்பிக் குடுக்கற?”

கேப்டன் ஸ்க்ரூ டிரைவரைப் புரட்டிப் பார்த்தார், நீல டேப்பை இப்போதுதான் பார்ப்பவர் போல. “அவ படகுல போயிருக்கா. வீட்ல பேச ஆள் இல்ல” என்றார். “டீ இருக்கா?”

அக்கா அடுப்பில் பாத்திரத்தை வைத்தாள். தண்ணீர் கொதிப்பதற்குள் நோட்டை இழுத்து, அன்றைய தேதியிட்டு எழுதினாள்: ஸ்க்ரூ டிரைவர் – டீ.