காணாமல்போனவர் போட்ட ஓட்டு

எங்கள் மாமா வார்டு மெம்பர் தேர்தலில் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தவர். ஒரு ஓட்டுக்கு உள்ள மதிப்பைப் பற்றி யாராவது மேடையில் முழங்கினால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சில்லிட்டுவிடும். அந்த ஓட்டைப் போட்டவர் எங்கள் சித்தப்பா. அவர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் அப்போது இரண்டு வருசம் ஆகியிருந்தது.

மணப்பாட்டுக்கு வடக்கே கடலை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. தேர்தல் நடந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. சித்தப்பாவின் வள்ளம் கவிழ்ந்த நிலையில் கரை சேர்ந்தது, அவர் சேரவில்லை. உடல் கிடைக்காததால் அம்மாவின் தங்கையும் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தவளுமான என் சித்தி தாலியைக் கழற்ற மறுத்துவிட்டாள். கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறையில் மெழுகுதிரி கொளுத்த, அவள் மட்டும் வீட்டில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருப்பாள். “உசுரோட இருக்கிற மனுசனுக்கு எவளாவது மெழுகுதிரி கொளுத்துவாளா?” என்று கேட்பாள். பைத்தியம் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள்; முன்னால் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது.

எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவர் சித்தப்பாதான். தன் கைவிரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணச் சொல்வார். நங்கூரக் கயிறு சுற்றி இழுத்ததில் அவருடைய இடது கை ஆள்காட்டி விரல் அடியோடு போயிருந்தது. அதனால் எங்கள் கணக்கு எப்போதும் ஒன்பதில் முடிந்துவிடும். “மிச்சம் ஒண்ணு எங்க?” என்பேன். “கடல்ல போட்டு வச்சிருக்கேன், பெறவு போய் எடுத்துக்கிடலாம்” என்பார்.

தேர்தல் வந்தபோது வீட்டுக்கு வீடு பூத் சீட்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். சித்திக்கு இரண்டு சீட்டு வந்தது. அவள் பெயருக்கு ஒன்று, சித்தப்பா பெயருக்கு ஒன்று. சித்திக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்கவேண்டுமே! “பாத்தியாக்கா, கவர்மெண்டே அவியள உசுரோட இருக்காவன்னு சொல்லுது” என்று அம்மாவிடம் நீட்டினாள். அம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். சித்தி அந்தச் சீட்டை மாதா சுரூபத்தின் அடியில் பத்திரமாக வைத்தாள்.

மாமா அம்மாவுக்கு அண்ணன், சூது தெரிந்தவர். எங்கள் வார்டில் அவரை விட அவருடைய எதிராளிக்குத்தான் செல்வாக்கு. ஆனால் எதிராளிக்கும் அவருடைய தம்பிக்கும் வேலித் தகராறு. மாமா தம்பிக்காரரின் தோளில் கைபோட்டு, நீயும் நின்னு பாரேன் என்று ஏற்றிவிட்டார். அவரும் நின்றார். எண்ணிப் பார்த்தபோது வார்டில் பாதிக்கு மேல் மாமா வேண்டாம் என்றுதான் குத்தியிருந்தார்கள். அந்த வேண்டாம் அண்ணன் தம்பிக்குள் இரண்டாகக் கிழிந்துபோனதால், வேண்டாதவர் மெம்பராகிவிட்டார். யாருக்கு ஒன்று கூடுதலோ அவருக்கே எல்லாம் என்பது நம் ஊர்த் தேர்தலின் சட்டம். அப்படிக் கூடிய அந்த ஒன்றுதான் பிறகு எங்கள் வீட்டுக்குள் நடமாடியது.

மறுநாள் வெடிக் காகிதம்கூடப் பெருக்கி முடியவில்லை. எதிராளியின் ஆட்கள் பட்டியலை வைத்து ஓட்டுப் போட்டவர்களைச் சரிபார்த்தபோது சித்தப்பா பெயருக்கு நேரே கோடு விழுந்திருந்தது தெரிந்தது. அவர்களுடைய ஏஜெண்டு மத்தியானம் சாப்பிடப் போன நேரத்தில் அந்த ஓட்டு விழுந்திருக்கிறது. பூத்தில் இருந்த அதிகாரி ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாத்தியார். எங்கள் ஊரில் யார் இருப்பவர், யார் போனவர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சித்தி உள்ளே ஓடி மாதா சுரூபத்தைத் தூக்கிப் பார்த்தாள். சீட்டு இல்லை.

“அவிய வந்து எடுத்திட்டுப் போயிருக்காவ” என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

அதன் பிறகு ஊரே அவரைப் பார்த்தது. ஓட்டுப் போட்ட பள்ளிக்கூட வராந்தாவில் ஈரக் காலடி கிடந்ததாக ஒருத்தி சொன்னாள். தாடியும் இடுப்பில் கிழிந்த சாரமுமாக ஒருவன் சிலுவை நிற்கும் குருசடிப் பக்கம் நடந்து போனான் என்றார் ஒருவர். இலங்கைக்காரர்கள் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் புத்தி பேதலித்துவிட்டது, அதுதான் வீடு தெரியவில்லை என்று ஒரு கட்சி. ஆள் இல்லை, ஆவி என்று ஒரு கட்சி. வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகளைக் கடற்கரைக்கு விடவில்லை. சித்தி மட்டும் வாசல் கதவைத் திறந்தே போட்டிருந்தாள். அவருடைய சாரத்தைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். காற்றில் அது உப்பி உப்பி அடங்கும்போது உள்ளே ஒரு ஆள் நிற்பதுபோலவே இருக்கும். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாமா தன் கூட்டாளியோடு வந்தார். பூத்தில் மாமாவுக்கு ஏஜெண்டாக உட்கார்ந்தவர் அந்தக் கூட்டாளிதான். எதிராளி ஆட்களோடு வந்துகொண்டிருக்கிறார், கேட்டால் ஆமாம், புருசன் வந்தார் என்று தலையை மட்டும் ஆட்டு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமா சித்தியிடம் சொன்னார்.

சித்தி மாமாவைப் பார்க்கவே இல்லை. கூட்டாளியின் முன்னால் போய் நின்றாள். “அண்ணே, நீங்க அவியளப் பாத்தியளா?”

“இந்தா, ஒன்னப் பாக்குத மாதிரி பாத்தேன் தங்கச்சி. மெலிஞ்சு போயிருந்தான். பேசல. சீட்ட நீட்டுனான், மை வச்சாவ, குத்திட்டுப் போயிட்டான்.”

“எந்த வெரல்ல மை வச்சாவ?”

“எல்லாருக்கும் வைக்கிற வெரல்லதான். எடது கை ஆள்காட்டி வெரல்ல.”

சொன்ன வாய் அப்படியே திறந்தபடி நின்றது. மாமா சட்டென்று அவர் தோளைப் பிடித்தார். அம்மா “மாதாவே” என்று சுவரோடு சாய்ந்தாள். சித்தி கொல்லைக்குப் போய்க் கொடியில் கிடந்த சாரத்தை எடுத்து, ஓரம் பார்த்து நிதானமாக மடித்தாள். அந்த நிதானம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குள் வாசலில் கூட்டம் வந்துவிட்டது. “ஏளா, ஒரே வார்த்த சொல்லு” என்றார் எதிராளி. “ஒன் புருசன் இருக்கானா, செத்தானா? இருக்கான்னா எங்க? செத்துட்டான்னா அந்த ஓட்டப் போட்டது எவன்?”

மாமா தலையை ஆட்டு ஆட்டு என்று கண்ணால் கெஞ்சினார்.

மடித்த சாரத்தை மார்போடு பிடித்துக்கொண்டு சித்தி சொன்னாள்: “எம்புருசன் செத்துப் போனாரு. செத்து ரெண்டு வருசமாச்சு.”

கேட்டு வந்த பதில்தான். ஆனாலும் எதிராளி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

அந்த வார்த்தையால் மாமாவின் பதவிக்கு ஒரு கேடும் வரவில்லை என்பதுதான் கூத்து. கடலில் காணாமல்போனவர் ஏழு வருசம் வரை சட்டப்படி உயிரோடு இருப்பவராம். கட்டினவள் சொன்னால் போதாது, சான்றிதழ் வேண்டும் என்று ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். மாமா முழுக் காலமும் மெம்பராக இருந்தார். எங்கள் வாசலுக்குத் தெருவிளக்குக்கூடப் போட்டுக் கொடுத்தார். சித்தி அதன் வெளிச்சத்தில் ஒருநாளும் வந்து நின்றதில்லை.

அப்படிச் சொன்ன அன்றே, கூட்டம் கலைந்ததும், சித்தி என்னைக் கடைக்கு அனுப்பி மெழுகுதிரி வாங்கிவரச் சொன்னாள். எனக்கு அவள் மேல் தாங்கமுடியாத கோபம். அவ்வளவு தூரம் நீந்தி வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போன மனுசனைப் பார்த்து, ஊர் முன்னால் செத்துப்போனார் என்று எப்படிச் சொல்லலாம்? அவர் காதில் விழுந்தால் மறுபடி வருவாரா?

கடைக்குப் போகாமல் நேரே கடற்கரைக்கு ஓடினேன். அங்கே ஒருவரும் இல்லை. தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. கடலைப் பார்த்துக் கத்தினேன். “சித்தப்பா, சித்தி கோவத்துல சும்மா சொல்லிட்டா. நீங்க வாங்க. மை வச்ச வெரல எனக்குக் காட்டுங்க.”

அந்த விரலும் அவருக்குக் கிடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.