பின்வரிசைப் பெட்டிகள்

என் மருமகள் மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறவள். சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் மருந்து அங்கிருந்துதான் போகும். அங்கே ஊசி மருந்து வைக்கிற குளிர் அறையில் பெட்டிகளை வாங்கி அடுக்குவதும், கேட்கிறபோது எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலை. பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, "நான் யுனிவர்சிட்டியில சேரப் போறேன் அத்தை" என்று வந்து நின்றாள். சப்ளை செயின் மேனேஜ்மென்ட்டும் இன்ஃபர்மேஷன் சிஸ்டமும் படிக்கப் போகிறாளாம். பொருள் எங்கே கிளம்பி, எங்கே தங்கி, யார் கைக்குப் போய்ச் சேருகிறது, அதைக் கம்ப்யூட்டரை வைத்து எப்படிக் கவனிப்பது, இதுதான் அந்தப் படிப்பு.

பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? "செயினா? எத்தனை பவுன்?" என்றாள்.

"உன் வாயைச் சுத்திக் கட்டுற அளவுக்கு நீளம்டி" என்றேன்.

காலையில் வகுப்பு, மத்தியானத்துக்கு மேல் கிடங்கு. வீட்டை நான் பார்த்துக்கொண்டேன். கிடங்கின் மேலாளர் ஓய்வு பெறப் போகிறார், நீ பட்டம் வாங்கிவிட்டால் அந்த நாற்காலி உனக்கு என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் எல்லாரும் ஓடினோம்.

அந்தக் குளிர் அறையில் ஒரு பழக்கம் உண்டு. வந்த பெட்டிகளில் கொஞ்சத்தை வெளியே போய்விட்டதாகக் கம்ப்யூட்டரில் போட்டுவிடுவார்கள். ஆனால் அவை போகாது. கடைசித் தட்டில், மற்ற பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். திருட்டு இல்லை. லாரி வராத அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் எடுத்துக் கொடுக்கத்தான். சில சமயம் தேதி முடிந்து வீணாகவும் போகும். என் மருமகளும் அப்படித் தள்ளி வைத்தவள்தான்.

கடைசி வருஷம் அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். கையிருப்பைப் பார்த்து, எவ்வளவு மருந்து வேண்டும் என்று கம்ப்யூட்டரே கம்பெனிக்குச் சொல்லி அனுப்பும். அதைக் கிடங்கிலேயே ஓட்டிப் பார்த்து எழுதிக் கொடுத்தால் பட்டம். கையிருப்பு சரியாக இருக்க வேண்டுமே, அதனால் பின்வரிசையையும் கணக்கில் ஏற்றணும் என்று குளிர் அறைப் பெரியவரிடம் கேட்டாள். வெயில் காலத்திலும் கழற்றாததால் அவருக்கு ஸ்வெட்டர் என்றே பெயர்.

"அதைத் தொடாதம்மா. அது இருக்குன்னுதான் நான் நிம்மதியா தூங்குறேன்."

"கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா இன்னும் நல்லா குறட்டை விடலாம்ணே."

அவர் சிரித்துவிட்டு, தானே பெட்டிகளைத் தூக்கி முன்னால் வைத்தார்.

கம்ப்யூட்டர் என்ன செய்தது? இவ்வளவு பெட்டி இருக்கிறதே, இனிக் கொஞ்சமாகச் சொன்னால் போதும் என்று குறைத்துவிட்டது. பழைய கணக்கிலும் ஒருநாள்கூடத் தட்டுப்பாடு வந்ததாக இல்லை. வராமல் பார்த்துக்கொண்டது பின்வரிசைதான் என்று அதற்கு யார் சொன்னார்கள்?

மழையில் பாலம் உடைந்தது. லாரி அக்கரையில் நின்றுவிட்டது. பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை, அதை நிறுத்துகிற ஊசி வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன். முன்வரிசை காலி. பின்வரிசையே இல்லை. கர்ப்பப்பையை எடுத்துத்தான் அந்தப் பெண்ணைப் பிழைக்க வைத்தார்கள். ஊசி கிடைத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பெட்டியைத் தூக்கி வைத்தது நான்தானே என்றார் ஸ்வெட்டர். இவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. தட்டில் சோறு காய்ந்து கிடந்தது.

மறுவாரம் பரீட்சைக்காரர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும். அவளுடைய வாத்தியார், "அந்த வாரத்தை விட்டுடு. பாலம் உடைஞ்சதுக்கு உன் சிஸ்டம் என்னம்மா பண்ணும்?" என்று சொல்லி அனுப்பியிருந்தார். என் மகனும் அதையே சொன்னான்.

"பாலத்தை நீயா உடைச்ச?"

"பாலம் உடையும்னு எனக்குத் தெரியாது. லாரி அடிக்கடி தாமதமா வரும்னு தெரியும். பின்வரிசை எதுக்குன்னும் தெரியும். அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லாம விட்டது நான்" என்றாள்.

"அதுக்காகப் படிச்ச படிப்பை ஆத்துல விடுவியா? முதல்ல பட்டத்தை வாங்கு. அந்த நாற்காலியில உக்காரு. அப்புறம் நீயே எல்லாத்தையும் சரி பண்ணு, யாரு வேண்டாங்கிறா?" என்றேன் நான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

"இதை மறைச்சு வாங்கினா, இதே ஏற்பாட்டை இன்னும் பத்துக் கிடங்குல ஓட்டுவாங்க அத்தை."

பரீட்சை அன்றைக்கு நானும் கூடப் போனேன். வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. நீளமான வராந்தா, சுவர் ஓரமாக ஒரு பெஞ்சு. கதவு சரியாகச் சாத்தவில்லை. முதலில் அவர்கள் பாராட்டுவது கேட்டது. அப்புறம் அவள் குரல். பின்வரிசையைச் சொன்னாள், பாலத்தைச் சொன்னாள், அந்தப் பெண்ணைச் சொன்னாள். உள்ளே ஒருத்தர் கேட்டார்.

"அப்போ உங்க சிஸ்டம் தோத்துடுச்சுன்னு சொல்றீங்களா?"

"ஆமா சார்."

வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

"என்ன சொன்னாங்க?"

"மறுபடியும் செஞ்சு கொண்டுவரச் சொன்னாங்க. இன்னும் ஒரு அரை வருஷம்."

"நாற்காலி?"

"அதுவரைக்கும் காலியாவா வச்சிருப்பாங்க? வேற ஆளுக்குப் போயிடும்."

எனக்கு வந்ததே கோபம். படிக்கட்டில் ஆரம்பித்து பஸ் நிற்கிற இடம்வரை விடவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் முத்தா உதிர்ந்துவிடும், வாத்தியார் சொன்னதைக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

"பஸ்ல ஏறித் திட்டுங்க அத்தை. உக்கார இடம் போயிடும்."

ஏறினோம். ஜன்னல் பக்கம் எனக்கு விட்டாள். பாதி வழியில், நாங்கள் இறங்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே எழுந்தாள். ஆஸ்பத்திரி வாசல்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. அந்தப் பொண்ணு இன்னும் இங்கதான் இருக்கு. இத்தனை நாளா வாசல்வரை வந்து திரும்பிட்டேன். இன்னைக்குப் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"என்ன சொல்லுவ?"

"தெரியல அத்தை."

இறங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கிவிட்டேன். இன்னும் திட்டி முடிக்கவில்லையே.