இடது பக்கத்துக் காயில்

பட்டறையில் அவருக்கு ராசிக்கை என்று பட்டப்பெயர். காசு போட்டுப் பந்தைத் தட்டி ஆடும் பின்பால் மெஷின்கள் பழுதானால் ஒயரிங் செய்கிறவர். அவர் ஈயம் வைத்தால் பத்து வருஷம் அசையாது என்பார்கள். கேட்டுக் கேட்டு அவரும் அதை நம்பிவிட்டார். வினை அங்கேதான் தொடங்கியது.

அவரை அங்கே சேர்த்துவிட்டவள் அவருடைய அக்கா. பந்தைத் தட்டும் ஃபிளிப்பர் மட்டைகளை இயக்கும் கம்பிச்சுருளான காயிலைச் சுற்றுவது அவள் வேலை. ஒரு காயிலில் இரண்டு சுற்று. தடித்த கம்பி மட்டையை ஓங்கி அடிக்க. மெல்லிய கம்பி, பட்டனை அழுத்தியிருக்கும்வரை அதைத் தூக்கிப் பிடிக்க. மட்டை உச்சிக்குப் போனதும் ஒரு குட்டி சுவிட்ச் தடித்த கம்பிக்குப் போகும் கரண்டை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் காயில் கருகும்.

ஒரு மெஷினில் இடது பக்கக் காயில் மூன்று முறை கருகியது. பட்டறையே கூடி நிற்க, முதலாளி கேட்டார்.

"என்னய்யா, இது உன் கையா, உங்க அக்கா கையா?"

"ஒயரிங்ல தப்பில்ல முதலாளி. சுத்துனதுலதான் ஏதோ..."

அவ்வளவே போதுமாயிருந்தது. அடுத்த நாள் முதல் அக்கா மெஷின் கண்ணாடி துடைக்கும் மூலைக்குப் போனாள். தாயில்லாத வீட்டில் அவருக்குச் சோறு ஊட்டிய கை ஈரத்துணி பிழிந்தது.

முதலாளி வெளியே ஒரு புதுக் காயில் வாங்கினார். ராசிக்கை அதைப் பொருத்தி, பட்டனை டக் டக்கென்று தட்டிப் பார்த்தார். மட்டை துள்ளியது.

"நல்லா இருக்குண்ணே உங்க சோதனை," என்று மெஷின்களுக்குச் சாயம் பூசும் பெயின்டர் சிரித்தான். "ஆடுறவன் தட்டிட்டு விட்டுடுவானா? பந்த நிறுத்த அழுத்திப் பிடிப்பான்ல?"

சொன்னவன் பட்டனைப் பிடித்தபடி நின்றான். சற்று நேரத்தில் புகை வந்தது.

ராசிக்கை கரண்டை நிறுத்தினார். ஆட்டப் பலகையைத் தூக்கிக் குனிந்து அடியில் பார்த்தார். வலது பக்க ஒயரிங்கைப் பார்த்து, இடது பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாற்றி இணைத்திருந்தார். காயில் என்னவோ இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். கம்பி முனைகள் மாறிப்போயின. சுவிட்ச் மெல்லிய கம்பியை வெட்டியது. தடித்தது கொதித்துக்கொண்டே இருந்தது. நான்கு தடவையும் அதே தப்பு, அதே கை.

அக்காவிடம் போய் நின்றார். அவள் துடைத்த கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"அக்கா, தப்பு என்னோடதுதான்."

"தெரியும்டா. எரிஞ்ச மூணையும் பிரிச்சவ நான்தானே. ஒயர முனை மாத்தி ஈயம் வெச்சிருந்த."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீயே பார்த்துட்டு வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

அவருக்குக் கண் நிறைந்தது. அக்கா துணியைப் பிழிந்தாள்.

"என்கிட்ட எதுக்குடா அழுவுற? அன்னைக்கு யார் முன்னால சொன்னியோ, அங்க போய்ச் சொல்லு."

சூடு ஆறாத காயிலைக் கழற்றி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பட்டறையின் நடுவில் வந்து நின்றார். சுற்றிலும் கை வேலைகள் நின்றன. அவர் தலை நிமிரவில்லை.

"முதலாளி, அன்னைக்கு யார் கைன்னு கேட்டீங்கல்ல. என் கைதான்."