இரண்டாவது கோலி

எங்கள் எஸ்டேட் மைதானத்தில் கோலி நிற்க யாரும் முன்வரமாட்டார்கள். கோல் காப்பவனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். மாட்டுப்பட்டிக்கு மேலே, பேக்டரிக்குப் பின்னால், மலையைச் செதுக்கிப் போட்ட மைதானம் அது. கோல் கம்பத்துக்குப் பின்னால் கொஞ்சம் தரை, அப்புறம் தேயிலைச் சரிவு, அதன் அடியில் ஓடை. பந்து உள்ளே போய்விட்டால் ஓடை வரைக்கும் இறங்கி எடுத்துவர வேண்டியது கோலியின் வேலை. காலில் அட்டைகளோடு அவன் ஏறி வரும்வரை மற்றவர்கள் உட்கார்ந்து கதை பேசுவார்கள். என் அண்ணன் பெரிய கோலி ஆனதற்கு இதைத் தவிர வேறு ரகசியம் கிடையாது. அவனுக்கு ஓடைக்கு இறங்கச் சோம்பல்.

அந்தச் சோம்பல் அவனை மூணாறு பள்ளிக்கூட அணிக்கும், அங்கிருந்து கொச்சியில் ஓர் அகாடமிக்கும், மீசை அரும்பும் வயதில் இந்தியப் பையன்களின் அணிக்கும் கொண்டுபோனது. பல நாட்டுப் பையன்கள் வந்து விளையாடும் பெரிய போட்டி ஒன்று அந்த வருஷம் நம் நாட்டில் நடந்தது. யூனியன் ஆபீஸ் முன்னால் அண்ணனுக்கு பிளக்ஸ் வைத்தார்கள். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் பந்தை உதைக்கிற உடம்பில் அண்ணனின் தலையை ஒட்டியிருந்தார்கள். கோலி எதற்கு உதைக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு மறு வருஷம் ரிட்டையர்மென்ட். எஸ்டேட்டில் ரிட்டையர் ஆகிறவர் வீட்டிலிருந்து ஒருவர் வேலைக்குப் பெயர் கொடுக்காவிட்டால் வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அம்மா கொழுந்து கிள்ளியது தற்காலிகக் கணக்கில், அதற்கு வீடு கிடையாது. எனக்கு ஒன்பது வயது. ஆக அண்ணன் திரும்பி வந்து மருந்தடிக்கும் வேலைக்குச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அகாடமி அவனை மேல் அணிக்கு எடுத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். போட்டியில் இறங்கி விளையாடுகிறவர்களைத்தான் எடுப்போம் என்று சொல்லியிருந்தார்கள். கடைசி ஐந்து நிமிஷம் இறங்கினாலும் போதும்.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் அவன் இறங்கவில்லை. யூனியன் ஆபீஸ் டிவியில் மொத்த லைனும் பார்த்தோம். ஒரே ஒரு தடவை அவன் யாருக்கோ தண்ணீர் பாட்டில் நீட்டுவதைக் காட்டினார்கள். அதற்கே விசில் அடித்தார்கள். எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, ஜீப் ஓட்டுகிறவர், உலக விஷயம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவர், எழுந்து நின்று விளக்கம் சொன்னார்: "பெரிய ஆட்டத்துக்குன்னு கோச்சு அவன ஒளிச்சு வச்சிருக்கான். மொதல்லயே காட்டிட்டா எதிரி உஷாராயிருவான்லா." எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். முதல் சுற்றின் கடைசி ஆட்டம் கொச்சியில். லைன்காரர்கள் வீட்டுக்கு ஒரு படி அரிசி போட்டு மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். அவன் களத்தில் இறங்கினால் தீச்சட்டி எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள்.

பேக்டரியில் லீவு கிடைக்காததால் அப்பா வரவில்லை. அம்மாவும் மாமாவும் நானும் விடியும்போதே ஜீப்பில் இறங்கினோம். அவ்வளவு பெரிய மைதானத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. புல்லைப் பார்த்து, "இதுல மாடு விட மாட்டாங்களா?" என்று கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை. அன்று அவள் எதற்கும் சிரிக்கும் நிலையில் இல்லை.

விளையாடுகிற பையன்களின் வீட்டாருக்கென்று ஒரு வரிசை ஒதுக்கியிருந்தார்கள். எங்களுக்கு அடுத்த நாற்காலியில் ஓர் அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் பெரிய துணிப்பை.

"வாங்க, இப்புடி உக்காருங்க. தமிழ்ங்களா? எனக்கு இப்பத்தானுங்க உசுரு வந்துச்சு" என்றார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஊர். வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போயிருப்பதால் தனியாகப் பாலக்காட்டிலிருந்து ரயில் ஏறி வந்திருந்தார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "கேட்டுல புடுங்கப் பாத்தானுங்க. வயித்து வலிக்கு மருந்துன்னு சொல்லிக் கொண்டாந்துட்டேன். கச்சாயம். தின்னு அம்மிணி."

வெல்லமும் ஏலக்காயும் மணந்த பலகாரம். நான் இரண்டாக எடுத்துக்கொண்டேன்.

"உங்க பையன் எந்த எடத்துல ஆடறானுங்க?" என்று அவர் கேட்டார்.

"கோலி, அக்கா" என்றாள் அம்மா, பெருமையாக.

அந்த அம்மாள் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. பிறகு சொன்னார்: "எம் பையனுந்தானுங்க. அங்க நிக்கறான் பாருங்க, பச்சைச் சட்டை. ரெண்டு பேரும் ஒரே ரூமுங்களா? மூணாத்துக்காரன் ஒருத்தன் நல்லாப் பாடுவான்னு போன்ல சொல்லுவானுங்க. உங்க பையன்தானா அது?"

அண்ணன் பாடுவான் என்பது எங்களுக்கே புதுச் செய்தி. அம்மா தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்தாள். பச்சைச் சட்டைக்காரன் கம்பத்துக்கு நடுவில் குதித்துக்கொண்டிருந்தான். அண்ணன் வெளியே, கண்ணாடிக் கூரைக்குக் கீழே, மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

அம்மா மாமாவின் பக்கம் சாய்ந்தாள். "ஏல, ரெண்டு பேரும் கோலின்னா இவன் எப்ப எறங்குவான்?"

"ஆட்டத்தப் பாரு."

"கேக்கேன்லா. சொல்லு."

மாமா குரலைத் தணித்தார். "கோலிய சும்மா மாத்த மாட்டாங்கக்கா. அவனுக்கு அடிபட்டா மாத்துவாங்க."

அம்மா அவரையே பார்த்தாள். "இத ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா வேண்டியிருக்க மாட்டியே."

அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

எதிரணி மஞ்சள் சட்டை. அந்த நாட்டின் பெயர் அன்று என் வாயில் நுழையவில்லை. அவர்களிடம் ஒன்பதாம் நம்பர் போட்ட நெட்டைப் பையன் ஒருவன் இருந்தான். நாளைய உலகமே அவன் காலில் என்று அன்று காலைப் பத்திரிகையில் அரைப்பக்கத்துக்குப் படம் வந்திருந்தது. பந்து அவனிடம் போனால் கூட்டம் மூச்சை அடக்கியது. நம் பக்கத்தில் ஒரு குட்டி மணிப்பூர்ப் பையன் பந்தோடு பாம்பு மாதிரி நெளிந்து போனான். அவன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது மாமா தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் கோல் விழவில்லை.

நான் பார்த்தது பச்சைச் சட்டைக்காரனை மட்டும்தான். அவன் ஒவ்வொரு தடவை எகிறும்போதும், இந்தத் தடவை சரியாகக் கீழே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. அவன் அம்மா கொடுத்த கச்சாயம் வாயில் இருந்தது. ஒரு தடவை அவன் விழுந்து எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதித்தான். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பிறகு எழுந்து நின்று மண்ணைத் தட்டினான். "சே" என்றேன். அம்மா என் தொடையை அழுத்திக் கிள்ளினாள்.

இடைவேளைக்குப் பிறகு அம்மாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. காது கொடுத்துக் கேட்டேன். "வேண்டாம் தாயி, வேண்டாம் தாயி" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, மாத்தி வேண்டுத" என்று திருத்தினேன்.

"சும்மா இருட்டி."

பாலக்காட்டு அம்மாளுக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவர் தன் பையன் பந்தைப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் முந்தானையை வாயில் வைத்துக் கடித்தார். நடுவில் அம்மாவின் கையைத் தட்டி, "கவலப்படாதீங்க, உங்க பையனுக்கும் ஒரு நாளு வருமுங்க" என்றார். அம்மா கையை இழுத்துக்கொண்டாள். எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நடுவிலிருந்து ஒரு மஞ்சள் சட்டை பந்தை உயர்த்தி அடித்தான். ஒன்பதாம் நம்பர் எல்லாரையும் தாண்டி ஓடினான். பச்சைச் சட்டைக்காரன் கம்பத்தை விட்டு வெளியே பாய்ந்து வந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் பந்து ஒரு தடவை தரையில் குத்தி எழுந்தது. கோலி படுத்து அதை அணைத்தான். ஓடி வந்தவனால் நிற்க முடியவில்லை. அவன் முழங்கால் கோலியின் தோளில் இறங்கியது. எங்கள் வரிசை வரைக்கும் சத்தம் வந்தது என்று நான் பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது வந்திருக்க முடியாது. கூட்டம் அப்படிக் கத்தியது.

பந்து அவன் நெஞ்சை விட்டுப் போகவில்லை. அவன் எழுந்திருக்கவும் இல்லை.

நெட்டைப் பையன் அவன் பக்கத்தில் மண்டிபோட்டு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். டாக்டர் ஓடினார். கண்ணாடிக் கூரைக்குக் கீழே அண்ணன் எழுந்து நின்றான். யாரோ ஏதோ சொல்ல, மேல்சட்டையைக் கழற்றினான். உள்ளேயும் பச்சை.

"அண்ணன் எறங்குறான்! அண்ணே!" என்று நாற்காலி மேல் ஏறிக் கத்தினேன். அம்மா என்னைப் பிடித்துக் கீழே இழுத்தாள். இழுத்த வேகத்தில் முட்டி சிராய்த்தது.

பாலக்காட்டு அம்மாள் எழுந்து நின்றிருந்தார். டப்பா சரிந்து கச்சாயங்கள் படியில் உருண்டு போயின. அடையாள அட்டை போட்ட பையன் ஒருவன் படியேறி ஓடி வந்து, "கோலியுடெ அம்ம ஆரா?" என்று மலையாளத்தில் கேட்டான். அம்மாதான் அவரைக் கை காட்டினாள். ஆம்புலன்ஸில் கூட ஒருவர் வரலாம் என்று அவன் அவசரப்படுத்தினான். அந்த அம்மாள் ஓர் அடி எடுத்து வைத்தார், படி எந்தப் பக்கம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அவர் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினாள். துணிப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மாமாவுக்குப் புரியவில்லை. "எக்கா, நீ எங்க போற? நம்ம பையன் எறங்குறான்! இதுக்குத்தான வந்தோம்?"

"நீ பாரு" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். அம்மா மைதானத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

அதன்பிறகு நடந்ததைப் பாதி மாமாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். அண்ணனுக்கு வந்த முதல் பந்து மூலையிலிருந்து. கையில் பட்டு நழுவியது, விழுந்து பிடித்துக்கொண்டான். அப்புறம் அந்த ஒன்பதாம் நம்பர் தூரத்திலிருந்து ஓர் அடி அடித்தான். அண்ணன் பக்கவாட்டில் பறந்து விரல் நுனியால் அதைக் கம்பத்துக்கு மேலே தள்ளிவிட்டான். மாமா பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். கோல் விழாமலே ஆட்டம் முடிந்தது. அடுத்த சுற்றுக்கு அது போதவில்லை, நம் அணி வெளியேறியது. அண்ணன் மட்டும் தலை குனியாமல் நடந்தான். கை ஆட்டினோம். எங்களைத் தேடினான், பார்த்தானா என்று தெரியாது. அணியின் பஸ் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்துப் போனபோது அம்மா வராந்தாவில் அந்தத் துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாலக்காட்டு அம்மாள். தோள் எலும்பு முறிந்திருக்கிறது, நினைவு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எம்மா! அண்ணன் பறந்துட்டாம்மா! இப்பிடி..." என்று செய்து காட்டினேன்.

"மெதுவா பேசு" என்றாள்.

பாலக்காட்டு அம்மாள்தான் என்னைக் கிட்டே இழுத்துக்கொண்டார். "கோல் வுழுகலையே அம்மிணி? உள்ள அவன் அதையேதான் கேட்டுட்டிருக்கான். போய்ச் சொல்லீட்டு வாறேன்" என்று எழுந்து போனார்.

அண்ணனை மேல் அணிக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்பா ரிட்டையர் ஆனபோது லைன் வீட்டைக் காலி செய்து சித்திரபுரத்தில் வாடகைக்குப் போனோம். வாடகை அண்ணன் சம்பளத்திலிருந்து வந்தது. பாலக்காட்டுப் பையனின் தோள் கூடிவிட்டது. ஆனால் இரண்டு பேரும் இருந்த அகாடமியில் மேல் அணிக்கு எடுத்த கோலி ஒருவன்தான். நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு திருப்பூர், எர்ணாகுளம், ஓசூர் என்று பனியன் கம்பெனியிலும் ஓட்டல் அடுப்படியிலும் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எங்கே டிவியில் பந்தாட்டம் ஓடினாலும் என் கண் முதலில் போவது வெளியே உட்கார்ந்திருக்கும் கோலியிடம்தான்.

ஆட்டம் நடந்த அன்று சாயங்காலம், திரும்பி வரும் வழியில், நேரியமங்கலம் பாலம் தாண்டும்போது மழை பிடித்தது. ஜீப்பின் படுதாவை இறக்கிவிட்டு மாமா ஆட்டத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே ஓட்டினார். அடிமாலி தாண்டிய பிறகுதான் அம்மா வாய் திறந்தாள். மாமாவிடம் கேட்கவில்லை, என் காதருகே குனிந்து கேட்டாள்.

"அவன் உள்ள போறப்ப ஆளுங்க கை தட்டுனாங்களாட்டி?"

"தட்டுனாங்கம்மா. அவ்வளவு பேரும் எந்திரிச்சு நின்னு தட்டுனாங்க" என்றேன்.

நான் சொன்னது பொய் இல்லை. அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. ஸ்ட்ரெச்சர் வெளியே போனதும் அண்ணன் உள்ளே போனதும் ஒரே நேரத்தில் நடந்தன. அந்தக் கைதட்டல் யாருக்கு என்று யோசிக்க எனக்குத் தெரியவில்லை. சந்தோஷப்படுவாள் என்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படுதாவை விலக்கி வெளியே மழையைப் பார்த்தாள்.