ஒப்புட்டுத் தட்டு

தோசைக்கல்லில் நெய் காய்ந்து, வெல்லமும் தேங்காயும் லேசாகத் தீயும் அந்த வாசனை வந்தால் மற்றவர்களுக்கு நாக்கில் நீர் ஊறும். எனக்கு வயிறு எரியும். சோமனூர்ப் பக்கம் போளியை "ஒப்புட்டு" என்பார்கள். பண்டிகைப் பலகாரத்தின்மேல் என்ன கோபம் என்று கேட்பீர்கள். அது என் அப்பாவின் காலைத் தின்ற பலகாரம்.

அப்பா அங்கே சபை ஆயராக இருந்தார். புது வருடம் பிறந்ததும் வேதாகமமும் அந்த வருடத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையுமாக வீடு வீடாகப் போய் ஜெபிக்க வேண்டும், ஜெபம் முடிந்ததும் வைத்ததைத் தின்ன வேண்டும், ஒரு வீட்டில் தின்றுவிட்டு அடுத்த வீட்டில் "போதுங்க" என்றால் அந்தக் குடும்பம் அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அப்பாவுக்கோ சர்க்கரை முற்றியிருந்தது. அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பொங்கல் லீவில் இருந்த மகளான என்னை அவருக்குக் காவலாக அனுப்பினாள்.

சபைச் செயலாளர் ஜெயசீலன் மாமா தறிக்கூட முதலாளி. அவர் வீட்டில் தட்டு வந்ததும், அப்பாவுக்குச் சர்க்கரை என்று அம்மா சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். மாமா சிரித்தார். அவருக்குக் கோபமே வராது; எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் "ங்க" போட்டுத்தான் அறுப்பார்கள்.

"ஊருக்கெல்லாம் சொகம் கெடைக்க ஜெபிக்கற ஆயருக்கே சர்க்கரைன்னா, சபை என்னங்க நெனைக்கும்? ஒண்ணும் ஆவாதுங்க, சாப்புடுங்க."

அப்பா தின்றார். குனிந்த தலை நிமிரவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

அந்த வருடமே செருப்புக் கடித்த இடம் புண்ணாகி ஆறாமல் நின்றது. காலை ஊன்றவே கூடாது என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்ல, அப்பா லீவு கேட்டார். அறுப்பின் பண்டிகை முடியட்டும் என்றார் மாமா. அது முடிந்ததும், பேராயர் வந்து பிள்ளைகளைச் சபையில் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனை முடியட்டும் என்றார். அது முடிவதற்குள் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த மாமா ஆப்பிள் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, கமிட்டி பேசி முடித்ததைப் பதமாகச் சொன்னார்.

"இனி நல்லா ரெஸ்ட் எடுங்க ஆயரய்யா. குருமனைய மட்டும் புது ஆயருக்குக் காலி பண்ணிக் குடுத்தாப் போதுங்க."

கேட்டபோது கிடைக்காத ரெஸ்ட். அவர் போன பிறகு அப்பா அவருக்காகவும் ஜெபித்தார். அந்தப் பெருந்தன்மை எனக்கு வாய்க்கவில்லை, வாய்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

நானும் இறையியல் படித்து ஆயரானேன். மாற்றல் நேரத்தில் யாரும் விரும்பாத அப்பாவின் அந்தச் சபையைக் கேட்டு வாங்கினேன். தெய்வ அழைப்பு என்று பேராயர் நினைத்திருப்பார், நினைக்கட்டும்.

இந்த ஜனவரியில் எல்லா வீட்டிலும் ஒரு வாயாவது தின்றேன். மாமாவின் பக்கத்து வீட்டில் இரண்டாம் முறை கேட்டு வாங்கியே தின்றுவிட்டு அவர் வீட்டுக்குள் போனேன். ஜெபத்தில் ஒரு சொல் குறைக்கவில்லை. மருமகள் ஒப்புட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்கப்பாவுக்கு ரொம்பப் புடிக்குமுங்க" என்றார் மாமா.

தட்டை அவர் பக்கமே தள்ளினேன். "எனக்கு வேண்டாங்க. தண்ணி கூட வேண்டாங்க."

கூட வந்த கமிட்டிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். மாமாவின் முகம் சுண்டிப்போனது. "எங்கூட்டுல மட்டும் கை நனைக்காமப் போனா சபை என்னங்க நெனைக்கும், ஆயரம்மா?"

"ஒண்ணும் ஆவாதுங்க, மாமா" என்றேன்.

நாங்கள் குடியிருந்த பழைய ஓட்டுக் குருமனை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. பாதித் தறிக்கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. அப்பாவும் இல்லை. நான் வண்டியை எடுக்கும்போது மாமா அந்தத் தட்டை ஏந்திக்கொண்டு கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார், இந்த வயதிலும் கைத்தடி இல்லாமல். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அந்த இரண்டு கால்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.