நிக்கோதிமின் நாற்பதாம் நாள்

சலோமியாவின் பெயர் எங்கள் வீட்டில் முதன்முதலில் வசவாகத்தான் காதில் விழுந்தது. அப்பாவின் பழைய சட்டையை அக்கா கிழித்து அடுப்படித் துணியாக்கிவிட்டாள். அம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள். "நீ என்னடி சலோமியாவா? கட்டினவனை அந்த உலகத்துக்கு அம்மணமா அனுப்பினாளே, அவ வயித்துல பொறக்க வேண்டியவ நீ!"

சலோமியா எங்களுக்கு அந்நியப் பெண் ஒன்றும் இல்லை. என் அம்மாவின் சித்தி ரஃபிலா. ரஃபிலாவின் ஒரே மகன் நிக்கோதிம். அவன் பெண்டாட்டிதான் சலோமியா. அப்படி இருந்தும் அவளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வெகுகாலம் எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

கம்யூனிஸ்ட் சர்க்காரின் கூட்டுப்பண்ணை ஆட்கள் ஊருக்குள் வந்த வருஷம் அது. நிலமும் ஏரும் மாடும் இனி எல்லாருக்கும் பொது, கையெழுத்துப் போடு என்று வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். போடாதவனைப் பஞ்சாயத்து ஆபீசில் வைத்து அடித்தார்கள். நிக்கோதிம் போடவில்லை. பின்ஜன்னல் வழியாகக் குதித்தவன் ஃபகராஷ் மலைக்கு ஏறி, துப்பாக்கியோடு காட்டில் கிடந்தவர்களோடு சேர்ந்துகொண்டான். அப்படிப்பட்டவனுக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்தாலும் ஜெயில். பிடிபட்டால் அவனுக்கு விசாரணைகூடக் கிடையாது.

இலை உதிரும் காலத்தில் ஒரு விடியற்காலை அவன் மாட்டுக்கொட்டிலுக்கு வந்தான். பால் கறக்கப் போன சலோமியா மட்டும் பார்த்தாள். பல் கிடுகிடுக்க நின்றான். அவள் பரண் ஏறி அவனுடைய ஆட்டுத்தோல் கோட்டை எடுத்துவந்து தோளில் போட்டாள். கறந்த பாலை நுரையோடு குடித்துவிட்டுப் போய்விட்டான். மாமியாரை எழுப்பவில்லை. ரஃபிலாவுக்கு மனசில் உள்ளது முகத்தில் தெரிந்துவிடும். மகன் உயிரோடு நடமாடுகிறான் என்று கண்டால் கிணற்றடியில் பாட்டே பாடிவிடுவாள்.

அன்று மத்தியானமே ரகசியப் போலீஸ் அதிகாரி ஒருவன் வந்தான். சின்ன வயசு, பட்டணத்துப் பூட்ஸ்.

"அய்யா, உட்காருங்க," என்றாள் ரஃபிலா.

"அய்யா இல்லம்மா, தோழர். உன் மகனை முந்தாநாள் ஓடைப் பக்கத்துல சுட்டுட்டாங்க. செத்துட்டான். உடம்பு கிடைக்காது."

ரஃபிலா அப்படியே சரிந்தாள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. சலோமியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இது பொய், வீடு அழுகிறதா என்று பார்க்க வந்திருக்கிறான் என்பது அவளுக்கு உறைத்தது. அழாவிட்டால் அவன் உயிரோடு இருப்பதும் இங்கே வந்துபோவதும் தெரிந்துபோகும். வீட்டைச் சுற்றிக் காவல் போட்டு, அடுத்த தடவை அவன் வரும்போது பிடித்துவிடுவார்கள். சாவு வீடாகவே இருந்தால் தேடுவதை விட்டாலும் விடுவார்கள். அவள் மாமியாரைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டாள். அழுகைக்குப் பஞ்சமில்லை, பயம் அவ்வளவு இருந்தது.

வாசலைத் தாண்டும்போது அவன் சொன்னான்: "நாற்பதாம் நாள் படையல் போடுவீங்கல்ல? போடுங்க, போடுங்க. நானும் வரேன்."

உயிரோடு இருப்பவன் பெயரைக் கோயில் பூசையில் செத்தவர்களோடு சேர்த்துப் படிக்க வைப்பது எங்கள் ஊரில் சின்ன விஷயமில்லை. படித்தது பலித்துவிடும் என்பார்கள். கோயிலில் அவன் பெயருக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம், தானே அவன் ஆயுசைக் கரைப்பதுபோல அவளுக்கு இருந்தது. ஆனாலும் எதையும் விடவில்லை. கறுப்பு கட்டினாள். கோதுமையை வேகவைத்துச் சர்க்கரையும் அக்ரூட்டும் போட்டாள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுற்றினாள். எல்லாவற்றையும் யோசித்தவள் ஒன்றை மட்டும் மறந்துபோனாள்.

நாற்பதாம் நாள் முற்றத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. அதிகாரியும் மேசைக் கடைசியில் பிளம் சாராயத்தோடு இருந்தான். பக்கத்து வீட்டு ஃபிருசினா பரிமாறினாள். கோயில் மணியடிப்பவன் பெண்டாட்டி. இந்த வீட்டில் தும்மினால் போலீஸ் ஆபீசில் தெரியும், அவள் புண்ணியத்தில். செத்தவன் துணிமணிகளை அவன் வயசுக்காரன் ஒருவனுக்குத் தானமாகக் கொடுக்க வேண்டும். இவன் இங்கே உடுத்தினால்தான் அவன் அங்கே உடுத்துவான். வாங்கிக்கொள்ளக் கிணறு வெட்டும் அவ்ராம் எழுந்து நின்றான். சட்டை, கால்சட்டை, தொப்பி, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தாள் சலோமியா.

"தோல் கோட்டு எங்கடி?" என்றாள் ஃபிருசினா.

சலோமியா மறந்திருந்தது அதைத்தான். "அது... பூச்சி அரிச்சுப்போச்சுக்கா."

"எந்தப் பூச்சி?" ரஃபிலா எழுந்தாள். "சாவுச் சேதி வர்றதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நானே தட்டி மாட்டினேனே! எம்புள்ள அங்க குளிர்ல நிக்கணுமா?"

தடுக்குமுன் பரண் ஏறிவிட்டாள். வெறுங்கையோடு இறங்கினாள். "ஆணிதான் இருக்கு."

அதிகாரி கிளாஸைக் கீழே வைத்தான். "அதிசயமா இருக்கே. செத்தவனுக்குக் குளிருமா என்ன? யாரு வந்து எடுத்துட்டுப் போனது?"

விற்றேன் என்றால் வாங்கினவன் யார் என்பான். திருடு போனது என்றால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பான். ஒரே ஒரு பதில்தான் மிச்சம் இருந்தது. அதை எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் வாயால் சொன்னதில்லை.

"எரிச்சிட்டேன்," என்றாள். "அவரு வாசம் அதுல இருந்துச்சு. தாங்க முடியல. ரொட்டி அடுப்புல போட்டுட்டேன்."

ரஃபிலா அறைந்த அறையில் கோதுமைத் தட்டு கவிழ்ந்தது. "பாவி! எம்புள்ளைய அம்மணமா அனுப்பிட்டியேடி! நீ நல்லா இருப்பியா?"

அதிகாரி விடவில்லை. "தோல் எரிஞ்சா தெருவே நாறுமே. யாருக்காவது நாத்தம் வந்துச்சா?"

சலோமியா தரையைப் பார்த்தாள். அவ்ராம் பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவள் பக்கமே திரும்பாமல் சொன்னான்: "வந்துச்சு தோழர். குடலைப் புரட்டுச்சு. ஆட்டுத்தலை வாட்டுறாங்க, நம்மளக் கூப்பிட மாட்டேங்கிறாங்களேன்னு நெனச்சேன்."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஊரில் ஒரு சேதி தனக்குத் தெரியாமல் போனது என்று ஆவதா? ஃபிருசினா முந்திக்கொண்டாள்: "ஆமா ஆமா, எனக்கும் வந்துச்சு! அன்னிக்கே எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன்." பிறகு சிலுவை போட்டுக்கொண்டு அதிகாரியின் காதருகே குனிந்தாள். "தோழர், இந்த ஊர்ல ஒருத்தி கொலை பண்ணினேன்னு பொய் சொல்லுவா. இதைப் பொய்யாச் சொல்ல மாட்டா."

அவன் சாராயத்தை முடித்துவிட்டு எழுந்து போனான். சாவுச் சேதி சொன்ன நாளிலிருந்து எதிர்வீட்டில் போட்டிருந்த காவல் கிறிஸ்துமஸுக்கு முன்பே எடுக்கப்பட்டது. கோட்டு போன இடத்தை ஊகித்துவிட்ட அவ்ராம் மூலமாக நிக்கோதிம் இந்தச் சேதியை அறிந்து, மலையைத் தாண்டித் தெற்கே இறங்கி, வேறு பெயரில் ஒரு மரம் அறுக்கும் மில்லில் சேர்ந்தான்.

சலோமியாவிடம் யாரும் தீக்குச்சிகூடக் கடன் வாங்கவில்லை. ரஃபிலா அதே மேசையில் சாப்பிட்டாள். உப்பு வேண்டுமென்றால் பூனையிடம் சொன்னாள். கடைசியில் ரஃபிலா சாகப் படுத்துவிட்டபோது, இப்போதாவது சொல்லிவிடலாம் என்று சலோமியா கட்டிலருகே குனிந்தாள். தலைமாட்டில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்றது ஃபிருசினா. சொல்லவில்லை. ரஃபிலா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொதுமன்னிப்பு வந்து ஜெயில்கள் திறந்த வருஷம் நிக்கோதிம் நடந்தே வீடு வந்தான். எதிரே வந்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"அம்மா எங்க?" என்பதுதான் அவன் முதலில் கேட்டது.

"போயிட்டாங்க."

"நான் உசுரோட இருக்கேன்னு தெரியுமா?"

"தெரியாது. சொல்ல முடியல."

அவன் கல்லறைக்குப் போய் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளோடு அதிகம் பேசவில்லை. அதன்பிறகு பேசினான். இருவரும் வெகுகாலம் சேர்ந்து வாழ்ந்தார்கள், குழந்தை இல்லை.

நிக்கோதிம் இப்போது கல்லறையில் தன் அம்மாவின் பக்கத்தில் கிடக்கிறான். சலோமியா ஃபகராஷ் டவுனில் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள், இரண்டாம் மாடியில்; காது சரியாகக் கேட்காது, கத்திப் பேச வேண்டும்.